ஏசா ஜென்கின்ஸின் பஸ்

வாஷிங்டன் நகரத்தில் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமான தேசிய அருங்காட்சியகம் 2016 செப்டம்பர் 24இல் திறக்கப்பட்டது. அதன் சேகரிப்பில் ஒரு பழைய வோக்ஸ்வேகன் வேனின் பின்கதவும் சில தகடுகளும் இருக்கின்றன. துருப்பிடித்து, பெயிண்ட் உரிந்த தகரம். நம்ம ஊர் காயலாங்கடைக்காரர் கையில் கொடுத்தால் எடை போட்டுத்தான் காசு கொடுப்பார். அந்த வண்டியின் பின்புறத்தில் பெயிண்டில் எழுதியிருந்த வாசகம் இது: அன்பு முன்னேற்றம், வெறுப்புக்குச் செலவு அதிகம்.

எழுதி வைத்தவர் ஏசா ஜென்கின்ஸ். தெற்குக் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு என்கிற கிராமத்துக் கறுப்பர். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பஸ் ஓட்டினவர். அந்தத் தகரம் ஏன் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது, அதன் மேலிருந்த துருவை ஏன் துடைக்காமல் வைத்தார்கள் என்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பழைய பஸ்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒரு தனி உலகம். கிராமத்து ரோட்டில் ஓடி ஓய்ந்து, தோட்டத்து மூலையில் கோழி அடைக்கவும் வைக்கோல் போடவும் கிடக்கிற வண்டியைக் கண்டுபிடித்து இழுத்து வருவார்கள். அரித்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வெல்டிங் செய்வார்கள். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அடியில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய பெயிண்ட் துணுக்கைச் சுரண்டியெடுத்து, அதே வர்ணத்தைக் கலந்து அடிப்பார்கள். சீட்டுத் துணி, மணிக்கயிறு, ஊர்ப்பலகை, எல்லாம் அந்தக் காலத்து மாதிரியே. கைத்தொழில் தெரிந்தவர்கள் பொறுமையாகச் செய்கிற வேலை. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனா அந்த வண்டி பளபளன்னு வந்து நின்னதும் சுத்தி நிக்கிறவங்க விடுற பெருமூச்சு இருக்கே, அங்கதான் இடிக்குது. அந்தக் காலம் எவ்வளவு நல்லா இருந்துச்சுங்கிறாங்க. யாருக்கு? அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் அந்தப் பஸ்ஸுக்குள் முன்பக்கம் வெள்ளையருக்கு, பின்பக்கம் கறுப்பருக்கு என்று சட்டமே இருந்தது. டயர், இஞ்சின், வர்ணம் எல்லாவற்றையும் அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டு, யார் எங்கே உட்காரவைக்கப்பட்டார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டால் அந்த வண்டி எதைக் காட்டுகிறது?

இன்னொன்றும் உண்டு. பஸ்ஸே வராத சனங்களின் வரலாறு. ஓடாத பஸ்ஸை எந்தப் பட்டறையிலும் புதுப்பிக்க முடியாது.

தெற்குக் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டி (கவுண்டி என்பது நம்ம மாவட்டம் மாதிரி) 1947இல் வெள்ளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக 30 பஸ் ஓட்டிக்கொண்டிருந்தது. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஒன்பது மைல் வரைக்கும் நடந்தார்கள். சகதி ரோட்டில் இவர்கள் நடக்க, பக்கத்திலேயே வெள்ளைப் பிள்ளைகளின் பஸ் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போகும். பெற்றோர்கள் காசு சேர்த்து ஒரு பழைய பஸ் வாங்கினார்கள். அது ஓடினதைவிட நின்னதுதான் அதிகம். பெட்ரோலுக்கும் ரிப்பேருக்குமாவது பணம் கொடுங்கள் என்று போதகர் ஜோசப் டிலேன் தலைமையில் போய்க் கேட்டார்கள். மாட்டேன் என்றது நிர்வாகம். லீவை பியர்சன் என்கிற விவசாயி பெயரில் வழக்குப் போட்டார்கள். அவர் நிலம் எந்தப் பள்ளி வட்டாரத்தில் வரி கட்டுகிறது என்று ஒரு நொட்டை சொல்லி 1948இல் அதைத் தள்ளிவிட்டார்கள்.

கதை அத்தோட முடியல. ஒரு பஸ் கேட்டவர்கள் அடுத்த தடவை பள்ளிக்கூடத்தையே கேட்டார்கள். பிரிக்ஸ் எதிர் எலியட் என்று பெயர் பெற்ற அந்த வழக்கு, வேறு நாலு வழக்குகளோடு சேர்ந்து, 1954 மே 17இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக முடிந்தது. விலை என்ன கொடுத்தார்கள்? ஹாரி பிரிக்ஸுக்குப் பெட்ரோல் பங்கில் வேலை போனது. அவர் மனைவிக்கும் வேலை போனது. டிலேனின் வீட்டைக் கொளுத்தினார்கள். 1955இல் அவர் சர்ச்சையும் கொளுத்தினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக மாநிலத்தை விட்டு ஓடினவர் சாகிற வரை திரும்பி வரவில்லை. இத்தனைக்கும் ஆரம்பம் வழியிலேயே நின்று நின்று போன ஒரு ஓட்டை பஸ்.

இந்த மாநிலத்தில், இதே வருஷங்களில்தான் ஏசா ஜென்கின்ஸ் பஸ் வாங்கினார்.

ஜான்ஸ் தீவு சார்ல்ஸ்டன் துறைமுக நகரத்துக்குத் தெற்கே கடலோரத் தீவுகளில் ஒன்று. உப்பங்கழிகளும் சதுப்பும் சுற்றியிருக்கிற மண். அங்கே இருந்த கறுப்பர்கள் பருத்திப் பண்ணைகளில் அடிமைகளாக வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள். அடிமைத்தனம் 1865இல் சட்டத்திலிருந்து போனது. நிலம் பெரும்பாலும் பழைய ஆண்டைகளிடமே இருந்தது. சனங்கள் பேசினது கல்லா மொழி; ஆப்பிரிக்க மொழிகளும் ஆங்கிலமும் கலந்து அடிமைகளே உண்டாக்கின பேச்சு. நகரத்துக்குப் போனால் வெள்ளையரும் சிரிப்பார்கள், படித்த கறுப்பரும் சிரிப்பார்கள். வாயைத் திறந்தாலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடுகிற அவமானம் எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜென்கின்ஸ் 1910 ஜூலை 3இல் பிறந்தார். ஒன்பது வயசில் அம்மா இறந்துபோனார். படிப்பு நின்றது. பருத்தி கைகொடுக்காது என்று தெரிந்ததும் காய்கறி போட்டு லாரியில் ஏற்றி சார்ல்ஸ்டன் சந்தைக்குக் கொண்டுபோனார். அங்கே மளிகைக்கடை வைத்திருந்தவர்களில் கிரேக்கர்கள் நிறைய. அவர்களோடு வியாபாரம் பேச வசதியாக இருக்கும் என்று இராத்திரி வகுப்புக்குப் போய் கிரேக்க மொழி கற்றுக்கொண்டார். நாலாம் வகுப்பு படித்த மனுஷன்! வேதாகமத்து ஏசா ஒரு வேளைப் பயற்றங்கூழுக்குத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றவன். இந்த ஏசா காய்கறி விற்ற காசில் போன பாகத்தைத் திரும்ப வாங்கப் பார்த்தவர்.

தீவில் கறுப்புப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி கிடையாது. 1945இல் ஜென்கின்ஸ் ஒரு பஸ் வாங்கினார். தன் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சார்ல்ஸ்டன் பள்ளிக்கு ஏற்றிப் போனார். அப்புறம் பெரியவர்களும் ஏறினார்கள். நகரத்தில் வெள்ளையர் வீடுகளில் சமைக்கவும் துவைக்கவும் போகிற பெண்கள், புகையிலைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம்.

இந்த முக்கால் மணி நேரத்தை அந்த மனுஷன் என்ன செய்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தெற்குக் கரோலினாவில் ஓட்டுப் பதிவு செய்ய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரி முன்னால் படித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். நிலத்தையும் கொடுக்காமல் பள்ளிக்கூடத்தையும் கொடுக்காமல் வைத்திருந்தவர்கள், ஒன்று நிலத்தைக் காட்டு, இல்லையென்றால் படிப்பைக் காட்டு என்று கேட்டார்கள். ஜென்கின்ஸ் அந்தச் சட்டப் பகுதியைப் பிரதி எடுத்து பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் கொடுத்தார். வண்டி ஓடும், இவர் ஓட்டிக்கொண்டே வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்வார், பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

அப்படி ஏறினவர்களில் ஆலிஸ் வைன் என்ற பெண்மணியும் ஒருவர். படிக்கத் தெரியாது. எனக்கு ஓட்டுப் போடணும், நீ படிக்கச் சொல்லிக்கொடு என்று ஜென்கின்ஸிடம் கேட்டார். சொல்லச் சொல்லக் கேட்டு அந்தப் பகுதி முழுவதையும் மனப்பாடம் செய்தார். அதிகாரி முன்னால் போய் நின்றார், காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மனப்பாடமாக ஒப்பித்தார், பதிவுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். எழுத்தைக் கேட்டு ஏமாற்றின அரசாங்கத்தை ஒரு தற்குறிப் பெண் எழுத்தே இல்லாமல் ஏமாற்றிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நாம் நிறுத்திவிடலாம். ஆலிஸ் வைன் நிறுத்தவில்லை. மனப்பாடம் பத்தாது, நிஜமாகவே படிக்கக் கத்துக்கணும் என்றார்.

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஜென்கின்ஸ் 1954இல் டென்னசி மாநிலத்து ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளிக்குப் போனார். மைல்ஸ் ஹார்ட்டன் 1932இல் தொடங்கின இடம். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே கூரையின் கீழ் தூங்கின இடம் அன்றைக்குத் தெற்கில் அபூர்வம். ஜென்கின்ஸை அழைத்துப் போனவர் செப்டிமா கிளார்க் டீச்சர். 1916இல், பதினெட்டு வயசில், ஜான்ஸ் தீவிலேதான் அவர் முதல் வேலை பார்த்தார். இரண்டு ஆசிரியைகள், 132 பிள்ளைகள், மாதம் 35 டாலர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் பள்ளிக்கூடத்தில் மூன்று பிள்ளைகள், ஒரு ஆசிரியை, 85 டாலர். இந்தக் கணக்கை அவர் சாகிற வரை மறக்கவில்லை. 1956இல் கறுப்பர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறார் என்று அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். நாற்பது வருஷ உழைப்பின் ஓய்வூதியமும் போனது. அதை மாநிலம் திருப்பிக் கொடுத்தது 1976இல்தான்.

ஹைலாண்டர் கொடுத்த 1,500 டாலர் கடனில் தீவின் முற்போக்குச் சங்கம் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கியது. 1948இல் ஜென்கின்ஸும் கூட்டாளிகளும் தொடங்கின சங்கம் அது. முன்பக்கம் மளிகைக்கடை. பின்பக்கம் அறைகள். கடைக்குச் சாமான் வாங்கப் போகிற மாதிரி போய்ப் பின்னறையில் உட்காரலாம்; வெள்ளைக்காரன் கண்ணுக்குத் தெரியாது. 1957 ஜனவரி 7இல் 14 பேரோடு முதல் குடியுரிமைப் பள்ளி அங்கே தொடங்கியது. ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன். தொழில், பெண்களுக்குத் தலைமுடி அலங்காரம், தையலும் தெரியும். யோசித்துத்தான் அவரைப் பிடித்தார்கள். அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் கறுப்புப் பெண்கள். எந்த வெள்ளை முதலாளியும் அவர் வேலையைப் பறிக்க முடியாது. சொந்த பஸ் வைத்திருந்த ஜென்கின்ஸுக்கும் அதுதான் பலம். ஹாரி பிரிக்ஸுக்கு அது இல்லை.

ராபின்சன் அட்டையில் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே பென்சிலை ஓட்டச் சொன்னார். விரலுக்குப் பழக்கம் வருகிற வரை திரும்பத் திரும்ப. மணியார்டர் பாரம் நிரப்புவது, தபாலில் சாமான் வரவழைக்கிற பாரம் நிரப்புவது, அப்புறம் அரசியல் சட்டம். ஜான்ஸ் தீவிலிருந்து வாட்மலா, எடிஸ்டோ தீவுகளுக்குப் பரவியது. 1961இல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலிருந்த தெற்குக் கிறித்தவத் தலைமை மாநாடு அதை எடுத்துக்கொண்டு தெற்கு முழுவதும் நடத்தியது. பஸ்ஸின் பின்சீட்டில் ஆரம்பித்த படிப்பு.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்தில் இருக்கிற தகரம் 1966ஆம் வருஷத்து வோக்ஸ்வேகன் வேனுடையது. படித்துக் காட்டினால்தான் ஓட்டு என்கிற சோதனையைத் தெற்கு மாநிலங்களில் நிறுத்திவைத்த ஓட்டுரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6இல் வந்துவிட்டது. ஆக, ஆலிஸ் வைன் சட்டத்தை மனப்பாடம் செய்த பஸ் இந்த வண்டி இல்லை. இது வருவதற்குப் பத்து வருஷத்துக்கும் முன்னாலேயே அந்த வேலை நடந்து முடிந்துவிட்டது. இந்த வேனைப் பற்றி ஜனங்கள் சொல்கிற கதையில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, இதுக்குள்ளதான் பாடம் நடந்ததுன்னு சொல்லிவிடுகிறார்கள். மியூசியத்துக்கு வந்து நிற்கிற பொருளுக்கு எல்லாப் பெருமையும் போய்ச் சேர்வது வழக்கம். காயலாங்கடைக்குப் போன பஸ்ஸுக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்?

அதனால் வோக்ஸ்வேகன் பொய் என்று ஆகிவிடாது. அதற்கென்று சொந்த வரலாறு இருக்கிறது. 1966இல் ஜென்கின்ஸ் சாப்பாட்டுக்கடையும் தங்கும் விடுதியும் நடத்தினார். அந்த வருஷம்தான் பாங்குகள் கடன் கொடுக்காத கறுப்பர்களுக்காகக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்று தொடங்க முன்னால் நின்றார். 1969இல் சார்ல்ஸ்டன் ஆஸ்பத்திரியில் கறுப்புப் பெண் ஊழியர்கள் கூலிக்காகவும் மரியாதைக்காகவும் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றார். இந்த வேலைகளுக்கெல்லாம் ஓடின வண்டி அது. ஓட்டுரிமை கையில் வந்த பிறகு அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டு ஓடின வண்டி. அதன் பின்னால் எழுதின வாசகத்தையும் அந்தக் கண்ணோடு படிக்கணும். மதப் பிரசங்கம் மாதிரி அன்பைப் பற்றிச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே கடைக்காரர் மாதிரி வரவு செலவு பார்க்கிறார். வெறுப்பு கட்டுப்படியாகாதுங்கிறார். கிளாரண்டனில் ஒரு பஸ்ஸுக்குப் பெட்ரோல் காசு கொடுக்க மறுத்தவர்கள் அதை உச்ச நீதிமன்றம் வரை இழுத்துச் செலவழித்ததை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர்தானே.

பஸ்ஸின் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் என்று அறிவித்ததற்காக 1997இல் நம்ம தென்மாவட்டங்களில் என்ன நடந்ததுன்னு இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுத்தார்கள். ஒரு பெயரைத் தாங்க முடியாமல் எல்லாப் பெயருக்கும் மேலே பெயிண்ட் அடித்தார்கள். ஜென்கின்ஸ் அரசாங்கத்தைக் கேட்காமல் தன் வண்டியில் தானே எழுதிக்கொண்டார்.

1972 அக்டோபர் 30இல், வாகன விபத்தில் அடிபட்டு, அவர் இறந்தார். வேனைக் குடும்பத்தார் விற்கவில்லை. வீட்டு முற்றத்திலேயே நின்றது. மழை, கடல் காற்று, உப்பு. நாற்பது வருஷத்துக்கும் மேலே.

இதே மாதிரி முப்பது வருஷம் வெட்டவெளியில் நின்ற இன்னொரு பஸ் உண்டு. அதற்கு நடந்தது வேறு மாதிரி.

1955 டிசம்பர் 1இல் அலபாமா மாநிலம் மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் எழுந்திரிக்க மாட்டேன் என்று சொன்ன பஸ். எண் 2857. ஜெனரல் மோட்டார்ஸ் 1948இல் செய்தது, 36 சீட்டு. முன்னால் பத்து சீட்டு வெள்ளையருக்கு. கறுப்பர் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப்போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது வெள்ளையர் பகுதிக்கு அடுத்த வரிசை. ஒரு வெள்ளைக்காரர் நின்றதற்காக அந்த வரிசையில் இருந்த நாலு பேரையும் எழச் சொன்னார் ஓட்டுநர். மூன்று பேர் எழுந்தார்கள். அதற்கு நாலு மாதத்துக்கு முன்னால்தான் பார்க்ஸ் ஹைலாண்டரில் ஒரு பயிற்சியில் இருந்துவிட்டு வந்திருந்தார். அந்தப் பயிற்சியை நடத்தினவர் செப்டிமா கிளார்க். அசதியில் உட்கார்ந்துவிட்ட தையல்காரி என்று பாடப்புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிற கதை அங்கேயே உடைந்துபோகிறது. தீவிலிருந்து போன பஸ்காரரும் மாண்ட்கோமரியிலிருந்து போன தையல்காரியும் ஒரே பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி வந்தவர்கள்.

மாண்ட்கோமரி சனங்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1956 டிசம்பரில் பஸ்ஸில் பிரிவினை ஒழிந்தது. பஸ் எண் 2857 தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் கழித்துக் கட்டினார்கள். ஒருவர் விலைக்கு வாங்கித் தன் நிலத்தில் நிறுத்தி, பலகையும் தட்டுமுட்டுச் சாமானும் போட்டு வைத்தார். இஞ்சின் போனது. சீட்டுகள் போயின. சன்னல் கண்ணாடி உடைந்தது. அதுதான் அந்தப் பஸ் என்று விற்கும்போது பஸ் கம்பெனி ஆட்கள் வாய்வார்த்தையாகச் சொன்னார்களாம். ரசீதில் எழுதித் தரவில்லை.

நிரூபித்தது ஒரு பழைய ஒட்டு நோட்டு. மாண்ட்கோமரி பஸ் நிலைய மேலாளராக இருந்தவர் அந்த நாட்களில் பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டி வைத்திருந்தார். பார்க்ஸ் கைதான செய்திக்குப் பக்கத்தில் பஸ் எண்ணையும் ஓட்டுநர் பெயரையும் பேனாவில் குறித்திருந்தார். போலீஸ் பதிவில் அந்த எண் இல்லை. நிபுணரை வைத்து அந்தக் கையெழுத்தைச் சோதித்தார்கள். 2001 அக்டோபரில் ஏலம். மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் இருக்கிற ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 4,92,000 டாலருக்கு எடுத்தது. புதுப்பிக்க மத்திய அரசு மானியமும் கிடைத்தது. பட்டறையில் போட்டு, அதே காலத்து பஸ்களிலிருந்து பாகங்கள் எடுத்து மாட்டி, சீட்டுகள் பொருத்தி, பச்சை, வெள்ளை, மஞ்சள் வர்ணம் அடித்து 2003 பிப்ரவரியில் காட்சிக்கு வைத்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த புதுவண்டி மாதிரி பண்ணாமல், 1955இல் ஏழு வருஷம் ஓடின பஸ் எப்படி இருந்திருக்குமோ அப்படி வைக்கணும்னு பார்த்துச் செய்திருக்கிறார்கள். பார்க்ஸ் அப்போது உயிரோடு இருந்தார், 2005இல்தான் காலமானார்.

டியர்பார்ன் பற்றி ஒரு வார்த்தை. 1942 முதல் 1978 வரை அங்கே மேயராக இருந்த ஆர்வில் ஹப்பார்ட் கறுப்பரை ஊருக்குள் குடியேற விடமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லியே தேர்தலில் ஜெயித்துக்கொண்டிருந்தவர். பக்கத்து டெட்ராய்ட்டில் பார்க்ஸ் 1957லிருந்து குடியிருந்தார். பார்க்ஸுக்கு வீடு கொடுத்திருக்காத ஊரில் இன்றைக்கு அவர் பஸ்ஸுக்கு வீடு இருக்கிறது.

2012 ஏப்ரலில் ஒபாமா அந்தப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகளும் ஏறி உட்காரலாம். அந்தப் பஸ்ஸுக்குச் சீட்டு திரும்ப வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். தகராறே சீட்டுக்காக நடந்தது. முன்வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் எத்தனை அங்குலம், அந்த அங்குலத்துக்காக என்ன சட்டம், என்ன போலீஸ் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் விளங்கும். பலகை அடைத்த கூடாக அப்படியே வைத்திருந்தால் அது அதை வாங்கிப் போட்டவரின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஜென்கின்ஸ் வேனுக்கு அந்த நியாயம் பொருந்தாது. பின்கதவும் தகடுகளும் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகு, மிச்ச வண்டியையும் எடுத்து வேலை பார்த்தார்கள். புதுப்பிக்கிறதில்லை என்று தீர்மானித்தார்கள். இப்படிப்பட்ட வேலையில் அழுக்கை எடுப்பார்கள், துரு மேலே பரவாமல் தடுப்பார்கள், உதிரப் பார்க்கிற பெயிண்டை அந்தந்த இடத்திலேயே ஒட்டவைப்பார்கள், உடைந்து விழாமல் முட்டுக் கொடுப்பார்கள். பட்டி, பிரைமர், புதுவர்ணம் எதுவும் கிட்டே வராது. 2019இல் வாஷிங்டனில் நேஷனல் மால் திடலில், கண்ணாடிக் கூண்டுக்குள், அந்தத் துருவோடும் மங்கின எழுத்தோடும் அதை நிறுத்தினார்கள். அமெரிக்காவின் வரலாற்று வாகனப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். அந்தக் கூண்டில் வழக்கமாக நிற்பது மெருகு ஏற்றின கார்கள்.

புதுசாக வர்ணம் அடித்து அந்த வாசகத்தை வேறொரு பெயிண்டர் திரும்ப எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாசகம் பளிச்சென்று தெரியும். ஆனால் ஜென்கின்ஸ் இருந்தபோது எழுதின எழுத்து அடியில் போய்விடும். அந்தத் துருவும் வெறும் கேடு இல்லை. எந்த அருங்காட்சியகமும் எட்டிப் பார்க்காத நாற்பது வருஷமும் ஒரு குடும்பம் அதை விற்காமல், உடைக்காமல் வைத்துக் காத்ததற்கு அதுதான் அத்தாட்சி. பார்க்ஸ் பஸ்ஸை அடையாளம் காட்ட ஒட்டு நோட்டு வேண்டியிருந்தது, கையெழுத்து நிபுணர் வேண்டியிருந்தது. ஜென்கின்ஸ் வேனுக்கு யாரும் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்றது.

இருந்தாலும் 1945 பஸ்ஸின் இடம் காலியாகத்தான் இருக்கிறது. அந்த இடத்தை வோக்ஸ்வேகனை வைத்து நிரப்பாமல், காலி என்று சொல்லிக் காட்டுவதே நேர்மை. வண்டிக்குப் பக்கத்தில் வைக்கிற பலகையில் மூன்று வருஷங்களை எழுதினால் போதும்: பஸ் வாங்கின 1945, ஓட்டுரிமைச் சட்டம் வந்த 1965, இந்த வேன் செய்த 1966. ஆலிஸ் வைன் பெயரையும் போட வேண்டும். ஓட்டினவர் பெயர் நிற்கிறது. பின்னால் உட்கார்ந்து, இன்னும் சொல்லிக்கொடு என்று கேட்டவர் பெயர் அதோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

ஜான்ஸ் தீவில் ரிவர் ரோடு என்கிற சாலையோரத்தில் முற்போக்குச் சங்கத்தின் கட்டடம் இருந்தது. பழைய கட்டடம் இருந்த இடத்தில் 1963இல் கட்டினது. 1989இல் ஹியூகோ புயல் அதைச் சிதைத்துவிட்டது. கூரை போய், சுவர்கள் மட்டும் நின்றன. 2007இல் அந்தச் சுவர்களைத் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள்.